பாதியாகக் குறைந்த பி.எஸ்.ஏ.

கேள்வி: எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஊர் கோவில்பட்டி. போன ஆண்டு ரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி செய்யும் புரதம்) 6.8 இருந்ததால் புராஸ்டேட்டில் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துண்டு எடுக்கும் சோதனை, செய்தார்கள். 12 துண்டுகளில் 2-இல் புற்றுநோய், அதன் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+3=6. ஆபரேஷன் இப்போது வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கறியையும் பாலையும் விட்டுவிட்டேன். தினமும் மாதுளைச் சாறு, தக்காளி, வைட்டமின் ஈ மாத்திரை, காலையில் நடை. சிறுநீர் நன்றாகப் போவதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன் (படம் அனுப்பியுள்ளேன்). இப்போது பி.எஸ்.ஏ. 3.5தான்! ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி பயாப்ஸி என்கிறார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பாதியாகக் குறைந்த பிறகும் அது தேவையா? இரவில் மூன்று முறை எழுகிறேன். போன பயாப்ஸிக்குப் பின் விந்தில் ரத்தம் வந்தது. என் மகனுக்கும் இந்த நோய் வருமா?

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டையின் படத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் கிழிந்து மாத்திரையின் பெயர் பாதி போய்விட்டது. ஆனால் அதன் கீழே பொடி எழுத்தில் டாம்சுலோசின் 0.4 மி.கி., டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. என்று தெளிவாகவே இருக்கிறது. உங்கள் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கியது மாதுளையும் இல்லை, தக்காளியும் இல்லை. இந்த இரண்டாவது மருந்துதான்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட்டுக்குள் போய் இன்னும் வீரியமான ஒரு வடிவத்துக்கு மாறுகிறது. சுரப்பி வீங்குவது அதனால்தான். டூட்டாஸ்டெரைடு அந்த மாற்றத்தைத் தடுக்கிறது, சுரப்பி மெல்லச் சுருங்குகிறது. பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைச் செய்வதே அந்தச் சுரப்பிதான் என்பதால், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ரத்தத்தில் அதன் அளவும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். புற்றுநோய் இல்லாதவருக்கும் இப்படித்தான் குறையும். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ.வை நாங்கள் இரண்டால் பெருக்கித்தான் படிப்போம். 3.5-ஐப் பெருக்கினால் 7. நீங்கள் தொடங்கியது 6.8-இல். அதாவது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது நல்ல சேதிதான். ஆனால் பயாப்ஸியைத் தள்ளிப்போட அது காரணமாகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே மாத்திரையில் ஏமாந்த ஒருவரை எனக்குத் தெரியும். லாரி வைத்துத் தொழில் செய்பவர். மூன்று ஆண்டு ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தார். 2.0, 2.7, 3.8. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் 'இயல்பு அளவு 4 வரை' என்று லேப் அச்சடித்திருந்தது. நாலுக்குள் இருக்கிறதே என்று அவரும் இருந்துவிட்டார், தாளைப் பார்த்தவர்களும் விட்டுவிட்டார்கள். அவர் மாத்திரை சாப்பிடுவதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னிடம் வந்தபோது கிளீசன் 4+4, அதாவது வீரியமான வகை. அவருக்கும் சிகிச்சை கொடுத்தோம், ஆனால் இரண்டாவது ரிப்போர்ட்டிலேயே பிடித்திருக்கலாம்.

ஆகவே பி.எஸ்.ஏ.வில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி இதுதான்: இந்த மாத்திரையைச் சாப்பிடும்போது பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து மேலே ஏறுவது. அந்த அடிமட்டம்தான் இனி உங்கள் கணக்கு. லேப் போடும் 4 உங்களுக்குப் பொருந்தாது. கொஞ்சம் ஏறினாலும் சில வாரங்களில் அதே லேபில் மறுபடி எடுங்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம், அவை அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். மறுபடியும் ஏறியே இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பினாஸ்டெரைடுக்கும் இதே குணம் உண்டு என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதைத் தெரிந்து கொடுத்தால் தப்பே இல்லை. யாருக்கும் தெரியாமல் எட்டு மாதம் சாப்பிட்டதுதான் தப்பு. புற்றுநோய் இருப்பது கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, பயாப்ஸிக்கு வருவோம். ஒரு துண்டு என்பது வெந்த சேமியா இழையைவிடச் சன்னமாக, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், ஃபார்மலின் குப்பியில் மிதக்கும் ஒரு வெள்ளை நூல். 12 நூல்களைச் சேர்த்தாலும் உங்கள் சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. முதல் தடவை ஊசி படாத இடத்தில் இன்னும் வீரியமான செல்கள் ஒளிந்திருக்கலாம். அதற்காகத்தான் ஓராண்டு வாக்கில், முடிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமான இடத்தைக் குறிவைத்து மறுபடி எடுக்கிறோம். கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை, இந்த இரண்டாவது பயாப்ஸியும் சேர்ந்ததுதான். ஊசி குத்தி இந்த நோய் பரவுவது மிக மிக அபூர்வம். வீட்டில் இருப்பவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். முற்றிய நிலையில் கத்தி வைத்து, பிறகு இறந்துபோனவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. பயாப்ஸிக்குப் பின் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊசிக்கு நீங்கள் பயப்படவில்லை என்றே தோன்றுகிறது. அதன் முடிவு என்ன சொல்லுமோ என்றுதான் பயம், இல்லையா? மோசமாக வந்தால் காலம் கடந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குக் கண்காணிப்பு என்று வைத்து 15 ஆண்டுகள் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறக்காதவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு மாறினார்கள், அப்படியும் கணக்கு இதுதான். கண்காணிப்புப் பிரிவில் நோய் வெளியே பரவியவர்கள் மற்றப் பிரிவுகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் மறைக்கமாட்டேன். தேதி தவறாமல் பார்க்கச் சொல்வது அதனால்தான். இடுப்பு வலி என்று வந்து, எலும்பு வரை போயிருப்பதைக் காட்டும் ஸ்கேனைப் பார்க்கும் ஆண்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. அந்த வரிசையில் நீங்கள் இல்லை.

சாப்பாட்டு விஷயம். அமெரிக்காவில், உங்களைப் போலக் கண்காணிப்பில் இருந்த 478 பேரில் ஒரு பகுதியினரைக் காய்கறி நிறையச் சாப்பிட வைத்து இரண்டு ஆண்டு பார்த்தார்கள். நோய் வளர்வதில் வித்தியாசம் தெரியவில்லை. காய்கறி இதயத்துக்கு நல்லது, சாப்பிடுங்கள். உங்கள் வயதில், இந்த அளவு நோய் உள்ளவரின் உயிருக்குப் புராஸ்டேட்டைவிட இதயம்தான் பெரிய ஆபத்து. தயிரையும் மீனையும் தட்டிலிருந்து விரட்ட வேண்டாம். தினமும் மாதுளைச் சாறு குடிப்பதாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்; இரவில் எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடையை விடாதீர்கள், மூச்சு வாங்கும் வேகத்துக்குக் கூட்டுங்கள். கனடாவில் இதே நிலையில் இருந்த 52 பேரில் பாதிப்பேரை டிரெட்மில்லில் வாரம் மூன்று நாள், 12 வாரம் வேகமாக நடக்க வைத்தபோது அவர்களின் உடல் திறன் கூடியது, பி.எஸ்.ஏ.வும் சற்று இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நடப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வைட்டமின் ஈ-யை இன்றே நிறுத்துங்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. இதைப் பரிந்துரைக்கும் வீடியோக்களில் இந்தக் கணக்கு வராது. நோயாளியின் பயத்தை வைத்து விற்கும் இந்த வியாபாரத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

விந்தில் ரத்தம் பயாப்ஸிக்குப் பின் சில வாரம் வரும், தானே நிற்கும். இரவில் எழுவது பெரும்பாலும் சுரப்பியின் வீக்கத்தால். புற்றுநோய் கூடுவதன் அடையாளம் என்று எண்ண வேண்டாம். மாலைக்கு மேல் டீயைக் குறையுங்கள். மகன் 45 வயதில் பி.எஸ்.ஏ. பற்றி ஒரு டாக்டரிடம் பேசினால் போதும், இப்போது அவரைப் பயமுறுத்தாதீர்கள்.

பயாப்ஸி தேதியை மாற்றாதீர்கள். பழைய ஸ்லைடையும், சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ அவற்றை மறுபடி படித்துச் சொல்வார்கள். பி.எஸ்.ஏ. தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, மாத்திரை தொடங்கிய மாதத்தை மேலே பேனாவால் எழுதுங்கள். டாக்டர் அறைக்குள் போனதும் அந்தக் கிழிந்த அட்டையை முதலில் மேஜைமேல் வையுங்கள்.