மூன்று பெட்டி, மூன்று ஆப் – கடிதம்

வணக்கம் சார்,

செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு இந்த வருடம் நான்தான் செக்ரட்டரி. மொட்டை மாடியில் சோலார் இருக்கிறது. பார்க்கிங்கில் கார் சார்ஜர் ஒன்று வைத்திருக்கிறோம். அடுத்து மீட்டர் ரூமில் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் சோலார் கரண்ட்டை வைத்துக் காரை சார்ஜ் செய்ய முடியுமா என்று கேட்டேன். சோலாரின் இன்வர்ட்டர்க்காரர் "அது எங்கள் ப்ராடக்ட் இல்லை மேடம்" என்கிறார். சார்ஜர்க்காரர் "எங்கள் கம்பெனி இன்வர்ட்டரையே போடுங்கள்" என்கிறார். ஆனால் எல்லார் பிரௌஷரிலும் "ஸ்டாண்டர்ட் படி செய்தது" என்று அச்சடித்திருக்கிறது. ஸ்டாண்டர்ட் இருந்தும் ஏன் இப்படி? அரசாங்கமே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து நாடு முழுக்க அதையே மாட்டினால் என்ன? இரண்டாவது சார்ஜருக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

ஒரே கம்பெனி வேண்டவே வேண்டாம். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.டி.எஸ்.எஸ். என்ற மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர். அத்தனையையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை விலையை அவர்தான் சொல்வார். அவருடைய மென்பொருளில் ஓர் ஓட்டை விழுந்தால் 25 கோடி இடத்திலும் அதே ஓட்டை. அப்புறம், டிரான்ஸ்ஃபார்மர் முப்பது வருடத்துக்கு மேல் உழைக்கும். அதைக் கண்காணிக்கும் மென்பொருள் சில வருடங்களிலேயே பழசாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. பல கம்பெனி, பல வயதுச் சாமான்கள் சேர்ந்துதான் ஓடியாக வேண்டும். ஸ்டாண்டர்ட் தேவைப்படுவதே அதற்காகத்தான்.

ஸ்டாண்டர்ட் இருந்தும் ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீட்டர் தரவு வேலையில் இருந்தவன் என்பதால் மீட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

எலெக்ட்ரானிக் மீட்டர் வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாஷை. ரீடிங் எடுப்பவர் ஒரு கைக்கருவியோடு போவார். கம்பெனிக்கு ஒரு இணைப்புக் கேபிள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் கம்பெனிக்கு ஒரு சாஃப்ட்வேர். 2008-ல் ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பில்லிங்கைக் கணினிமயமாக்கப் போனபோது இது பெரிய தடையாக நின்றது. அதன் பிறகு வந்ததுதான் ஐ.எஸ். 15959 என்ற இந்திய ஸ்டாண்டர்ட், 2011-ல். டி.எல்.எம்.எஸ். என்ற சர்வதேச நெறிமுறையை (கருவிகள் பேசிக்கொள்ளும் பாஷையை) எடுத்து, இந்திய மீட்டர் என்னென்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தார்கள். என்னைக் கேட்டால், நம் மின்துறையில் நடந்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று.

அதன் பலன் என்னவென்று பாருங்கள். எந்தக் கம்பெனி மீட்டராக இருந்தாலும் "இதுவரை மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது" என்று கேட்க ஒரே முகவரிதான்: 1.0.1.8.0.255. பதிலாக ஓர் எண் வரும். கூடவே இரண்டு குறிப்பு: தசமப் புள்ளி எங்கே, அலகு எது. அலகு 30 என்றால் வாட்-மணி, 35 என்றால் வோல்ட். அந்த இரண்டு குறிப்பும் இல்லாவிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு பிசகலாம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் சிக்கல் வருவது ஏன்? ஸ்டாண்டர்டில் ஒரே வேலையைச் செய்ய இரண்டு மூன்று வழிகளுக்கு இடம் இருப்பதால். மீட்டருக்குள் ஒரு பதிவேடு இருக்கும். மூடியைத் திறந்தது, மின்சாரம் போனது எல்லாம் அதில் பதிவாகும். மின் நிறுவனத்தின் மையக் கணினி அதைக் கேட்க இரண்டு வழி உண்டு. "ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை கொடு" என்று கேட்கலாம். "கடைசி இருபது பதிவைக் கொடு" என்றும் கேட்கலாம். மீட்டருக்கு இரண்டாவது வழி மட்டும் தெரிந்து, கணினி முதல் வழியில் கேட்டால் பதில் வராது. இரண்டு பேரிடமும் சான்றிதழ் இருக்கும். இருவரும் ஸ்டாண்டர்டை மீறவில்லை என்றே வாதிடுவார்கள். நடுவில் மாட்டிக்கொள்கிற இன்ஜினியர் இரண்டு பேருக்கும் மாறி மாறி மெயில் போட்டுக்கொண்டிருப்பார். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை அது.

இன்னொன்று நேரம். ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு தடவை என்று நாளைக்கு 48 பதிவு வைக்கிறது. 18:00 என்று முத்திரை குத்திய பதிவு ஐந்தரையிலிருந்து ஆறு வரைக்குமா, ஆறிலிருந்து ஆறரை வரைக்குமா? மீட்டர் ஒன்றை நினைத்து, பில்லிங் மென்பொருள் இன்னொன்றை நினைத்தால் நாள் முழுக்க அரை மணி தள்ளிப்போகும். முன்பெல்லாம் வீட்டுக்காரருக்கு இதனால் நஷ்டம் இல்லை; மாதத்துக்கு ஒரு மொத்தத் தொகைதான். இப்போது அப்படி இல்லை. நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-ல் செய்த திருத்தம், வெயில் நேரத்துக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. உச்ச நேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்கு குறைந்தது 1.2 மடங்கு, மற்றவர்களுக்கு 1.1 மடங்கு. உச்ச நேரம் ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்றால், அந்த அரை மணி யார் கணக்கில் விழுகிறது என்பது பணப் பிரச்சினை.

சான்றிதழ் கொடுக்கும்போது சோதனைக்கூடம், பெங்களூருவில் இருக்கும் சி.பி.ஆர்.ஐ. போன்றது, மீட்டரை ஸ்டாண்டர்டோடு வைத்துப் பார்க்கிறது. அது அவசியம். ஆனால் ஒரு கம்பெனி மீட்டரை இன்னொரு கம்பெனியின் கணினியோடு கட்டி ஓட்டிப் பார்ப்பது வேறு சோதனை. தாராவியிலிருந்து அந்தக் காலத்தில் திருநெல்வேலிக்குப் போன பெரியவர்களைக் கேளுங்கள். தாதரில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எழும்பூர் போய் மீட்டர் கேஜ் வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு ரயிலும் நன்றாகத்தான் ஓடின. கஷ்டமெல்லாம் நடுவில்தான்.

அமெரிக்காவிலும் இதே பாடுதான். 2007-ல் போட்ட எரிசக்திச் சட்டம் ஸ்மார்ட் கிரிட் ஸ்டாண்டர்டுகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை என்.ஐ.எஸ்.டி. என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்தது. 2010 அக்டோபரில் அவர்கள் ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தர அமைப்பின் ஐந்து ஸ்டாண்டர்ட் குடும்பங்களை எடுத்து, அந்நாட்டின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பரிசீலனைக்குத் தயார் என்று முன்வைத்தார்கள். துணைமின் நிலையங்களுக்கான 61850, பாதுகாப்புக்கான 62351 எல்லாம் அதில் உண்டு. 2011 ஜூலையில் ஆணையம், இதில் போதுமான கருத்தொற்றுமை இல்லை என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டது. சட்டத்தின் பலம் இருந்தும் பட்டியல் பட்டியலாகவே நின்றது.

நிஜமான முன்னேற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 61850-ஐப் பயன்படுத்துகிறவர்களின் சர்வதேசக் குழு, 2011-ல் பாரிஸ், 2013-ல் மூனிக், 2015-ல் பிரஸ்ஸல்ஸ் என்று போட்டிக் கம்பெனிகளின் இன்ஜினியர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்தது. உன் ரிலேயை (கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) என் கணினியோடு மாட்டு, பேசுகிறதா பார்ப்போம் என்று. பேசாத இடங்களைக் குறித்துக்கொண்டு ஸ்டாண்டர்டைத் திருத்தும் குழுவுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் ஒவ்வொரு பெரிய மீட்டர் டெண்டருக்கும் முன்னால் இப்படி ஒரு சோதனை கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் கொடுப்பவர் கேட்டால் ஒழிய இது நடக்காது.

மும்பைக்கு இது இன்னும் முக்கியம். பெஸ்ட், டாடா பவர், அதானி, மகாவிதரண் என்று ஒரே ஊரில் நான்கு விநியோக நிறுவனங்கள். 2008-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் 2009-ல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நடைமுறைக்கும் பிறகு, புறநகரில் ஒருவர் கம்பியை மாற்றாமலே விற்பவரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கம்பி ஒருவருடையது, பில் இன்னொருவருடையது. அப்படிப்பட்ட ஊரில் மீட்டர் தரவு கம்பெனி எல்லையைத் தாண்டிப் போகவில்லையென்றால், மாற்றிக்கொள்ளும் உரிமை ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் சாவி. ஸ்மார்ட் மீட்டரோடு பேச, பாஸ்வேர்ட் போன்ற ரகசியச் சாவிகள் வேண்டும். அவற்றையே மாற்றுவதற்கு மாஸ்டர் சாவி ஒன்று. மீட்டரை மாட்டிப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் பத்து வருடம் வரை இருப்பார், பிறகு எல்லாவற்றையும் மின் நிறுவனத்திடம் ஒப்படைப்பார். அன்றைக்கு மாஸ்டர் சாவிகள் முறையாகக் கைமாறவில்லை என்றால் மீட்டர் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும், அதை யாராலும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இது ஒப்பந்தத்தில் எழுதவேண்டிய வரி.

சரி, உங்கள் மூன்று பெட்டிகளுக்கு வருகிறேன்.

இன்வர்ட்டர்: பெரும்பாலானவை மாட்பஸ் என்ற பழைய நெறிமுறையில் பேசும். ஆனால் எந்த எண்ணை எந்த முகவரியில் வைப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். இதைச் சீராக்கத்தான் சன்ஸ்பெக் என்ற பொது அட்டவணை வந்தது. பொதுவாக 40000-ஆம் முகவரியில் படித்தால் 'சன்ஸ்' என்று நான்கு எழுத்து வரும். வந்தால், அதற்குப் பின்னால் உற்பத்தி எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்த வரிசையில் இருக்கும். உங்கள் இன்வர்ட்டரில் இந்த வசதி அநேகமாக இருக்கலாம். மெனுவில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்ஸ்டாலர் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொசைட்டியின் சொத்து அது.

சார்ஜர்: ஓ.சி.பி.பி. என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. நெதர்லாந்தில் பிறந்தது, அதன் 2.0.1 பதிப்பு 2024-ல் ஐ.இ.சி. 63584 என்று சர்வதேச ஸ்டாண்டர்டே ஆகிவிட்டது. உங்கள் கொட்டேஷனில் "ஓ.சி.பி.பி. 1.6" என்று பழைய பதிப்பை அநேகமாகப் போட்டிருப்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். 1.6-ல் 'கோர்' என்ற பகுதிதான் கட்டாயம். எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம் என்று வெளியிலிருந்து கட்டளையிடும் 'ஸ்மார்ட் சார்ஜிங்' பகுதி விருப்பப்பட்டால் மட்டும். அது இல்லாத சார்ஜருக்கும் அதே 1.6 என்றுதான் பிரௌஷரில் போடுவார்கள். வெயில் வந்தால் கூட்டு, மேகம் வந்தால் குறை என்று நீங்கள் ஆசைப்படுவதற்கு அந்தப் பகுதி இருந்தே ஆகவேண்டும். சார்ஜர் எந்த சர்வரோடு பேசுகிறது என்ற முகவரியை நீங்களே மாற்ற முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இவை இரண்டும் இருந்தால் மீட்டர் ரூமில் ஒரு சின்ன கணினியை வைத்து இன்வர்ட்டரைப் படித்து சார்ஜருக்குக் கட்டளை கொடுக்க முடியும். இப்படிச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

மீட்டர்: இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரில் பி1 என்று ஒரு துளை இருக்கும். வீட்டுக்காரர் தன் கேபிளைச் சொருகி, புது மீட்டர் என்றால் நொடிக்கு ஒரு தடவை, தன் மின்சாரத்தைத் தானே படித்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நம் நாட்டில் இப்படி ஒரு வாசல் கட்டாயம் இல்லை. 2023 விதிகளின்படி மீட்டரைத் தினமும் ஒரு தடவையாவது படித்து, அந்தத் தரவை நமக்குக் காட்ட வேண்டும்; நல்ல விஷயம், ஆனால் நேற்றைய கணக்கை வைத்து இன்றைக்குக் காரை சார்ஜ் செய்ய முடியாது. ஆகவே பொது இணைப்பின் மெயின் லைனில் மாட்பஸ் வசதியுள்ள சப்-மீட்டர் ஒன்றைச் சொந்தமாக மாட்டிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து, மின் நிறுவனத்தின் சீலுக்கு இந்தப் பக்கம் மட்டும்.

நம் நாட்டில் ஸ்டாண்டர்டுகளை வகுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பு தன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது. மீட்டர் தயாரிப்பவர்களும் மின் நிறுவனங்களும் வரிக்கு வரி கருத்து அனுப்புவார்கள். உங்களைப் போல மீட்டர் ரூம் சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள் அனுப்பிப் பார்ப்பது அபூர்வம். வீட்டுக்காரர் தானே படிக்க ஒரு வாசல் கட்டாயம் வேண்டும் என்று மும்பையின் நூறு சொசைட்டிகள் எழுதினால் பி.ஐ.எஸ். குழு அதை ஒதுக்க முடியாது. ஒரு பக்கக் கடிதம் போதும். நான் வரைவு எழுதித் தருகிறேன், உங்கள் லெட்டர்ஹெட்டில் போடுங்கள்.

சார்ஜரைப் பொறுத்தவரை, காத்திருக்க வேண்டாம், வாங்கலாம். மேலே சொன்ன இரண்டு நிபந்தனையையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே சேருங்கள். ஓட்டிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை என்று எழுதுங்கள். வந்திருக்கும் கொட்டேஷனையும் இன்வர்ட்டரின் மாடல் நம்பரையும் எனக்கு அனுப்பினால், கமிட்டி மீட்டிங்குக்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.