பழைய சீமை ஓடு: வாங்குவோரும் விற்போரும் கேட்ட கேள்விகள்

மழைக்கு முன்பாகக் கூரை வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால், பங்குனி பிறந்தவுடன் நம் கடலோர ஊர்களில் பழைய சீமை ஓட்டு (ஆலையில் அச்சில் செய்து சுட்ட மங்களூர் ஓட்டு) வீடுகளைப் பிரிக்கும் வேலையும், பிரித்த ஓடுகளை வாங்கி வேறு வீட்டுக்கு வேயும் வேலையும் தொடங்கிவிடுகின்றன. இவை குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இவ்விதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டின் முன்புறம் 400 சதுர அடியில் தாழ்வாரம் இறக்க நினைக்கிறோம். பழைய சீமை ஓடு வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், ஓட்டில் ‘பாசல் மிஷன் 1865’ என்ற முத்திரை இருப்பதைக் காட்டி, 150 ஆண்டு தாங்கிய ஓடு என்று கூடுதல் விலை சொல்கிறார். நம்பி வாங்கலாமா? எத்தனை ஓடு வேண்டும்?
– வாசகி ஒருவர், கீழக்கரை

பதில்: அம்மா, முத்திரையில் உள்ள ஆண்டு அந்த ஓடு சுடப்பட்ட ஆண்டு அன்று. பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதன் பின்னர் பல்லாண்டுகள் அந்த ஆண்டையே அச்சில் பொறித்து ஓடு செய்தார்கள். முதல் உலகப் போரை ஒட்டி அத்தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆகவே முத்திரை, ஓடு எந்த ஆலையில் பிறந்தது என்பதைச் சொல்லும். எத்தனை மழை கண்டது என்பதைச் சொல்லாது. நல்ல ஆலையின் ஓடு என்பதற்காகச் சற்று மதிப்புக் கொடுக்கலாமே தவிர, வயதுக்கென்று தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை.

நான் எப்போதும் சொல்வது, ஓட்டைப் பார்ப்பதற்கு முன் அது இருந்த கூரையைப் பாருங்கள் என்பதுதான். கடையில் அடுக்கி வைத்த ஓட்டில் மேல்வரிசை மட்டுமே கண்ணில் படும். பிரிக்கப்படாத வீடாக இருந்தால், உள்ளே சென்று அண்ணாந்து பாருங்கள்: ரீப்பர்களில், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களில், மழைநீர் வழிந்த கறை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்து ஓடு பொடிந்து தரையில் செம்பொடியாக உதிர்ந்திருக்கிறது, எத்தனை இடங்களில் புது ஓடு செருகியிருக்கிறார்கள் என்பனவெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீடு முன்பே பிரிக்கப்பட்டுவிட்டது என்றால், எந்த ஊரில், கடலுக்கு எவ்வளவு அருகில் இருந்த வீடு என்பதையாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடலோரத்து ஓட்டுக்கு வரும் நோய் மேல்புறத்தில் தெரியாது. உப்புக் காற்று கூரையின் இரு புறமும் படிகிறது. மேல்புறத்து உப்பை மழை கழுவிவிடுகிறது, அடிப்புறத்து உப்பைக் கழுவ ஆளில்லை. ஈரத்தில் கரைந்தும் வெயிலில் உறைந்தும் அந்த உப்பு ஓட்டின் நுண்துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து, ஓட்டை உள்ளிருந்து தள்ளிச் செதில் செதிலாக உரிக்கிறது. மேலே பாசி படிந்து கம்பீரமாக இருக்கும் ஓட்டைத் திருப்பி அடிப்புறத்தில் பெருவிரலால் தேய்த்தால், விரலில் செந்நிற மாவு அப்பிக்கொண்டு வரும். அப்படி மாவு வரும் ஓடு வேண்டாம். தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் நீரிணைக் கரை ஊர்களில் வாடைக்காற்று மோதும் சரிவிலும், உங்கள் பக்கத்து மன்னார் வளைகுடாக் கரையில் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று மோதும் சரிவிலும் இருந்த ஓடுகளை இன்னும் கவனமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முடிந்தால் பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் என்று உள்நாட்டு ஊர்களில் பிரித்த ஓட்டைத் தேடுங்கள். வண்டிக் கூலி கூடினாலும் அதுவே லாபம்.

அடுத்தது ஓசை. ஓட்டை ஒரு மூலையில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, விரல் முட்டியால் தட்டுங்கள். நன்றாக வெந்த, விரிசல் இல்லாத ஓடு ‘கணீர்’ என்று ஒலிக்கும். ‘டொக்’ என்றால் ஒன்று வேகாத ஓடு, அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்ட ஓடு. ஈர ஓட்டின் ஓசை ஏமாற்றும் என்பதால், காய்ந்த ஓட்டையே தட்ட வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. அடுக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு ஓடுகளை வாங்கி வந்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, துணியால் துடைத்து மறுபடி நிறுங்கள். 2,400 கிராம் இருந்த ஓடு 2,820 கிராம் ஆனால், அது குடித்த நீர் 420 கிராம், அதாவது 17.5 விழுக்காடு. சீமை ஓட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 654, முதல் வகை ஓட்டுக்கு 18 விழுக்காடும் இரண்டாம் வகைக்கு 20 விழுக்காடும் உச்ச அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் குடிக்கும் ஓட்டைக் கடற்கரையில் ஏற்றினால், உப்பை வரவேற்று உள்ளே அமர்த்துவதாகவே ஆகும்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக் கூரைக்கு, ஏறத்தாழ 150 ஓடு வேண்டும். ஆனால் உங்கள் 400 சதுர அடி தரையளவு. கூரை சரிந்து இறங்குவதால் பரப்புக் கூடும். இரண்டு அடிக்கு ஓர் அடி உயர்த்திச் சரிவு கொடுத்தால், கூரை 447 சதுர அடி ஆகும். அதற்கு 670 ஓடு. உடைவுக்கும் பிற்காலத்தில் மாற்றுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 740 ஓடாக, ஒரே கூரையிலிருந்து வாங்கிவிடுங்கள். ஒரே கூரை என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பது அடுத்த விடையில் விளங்கும்.

கேள்வி: இரண்டு வீடுகளில் பிரித்த ஓடுகளைச் சேர்த்து வாங்கி வேய்ந்தோம். ஓடுகள் எல்லாம் முழுமையானவைதாம். ஆனாலும் ஐப்பசி மழையில் பத்து இடங்களில் ஒழுகுகிறது. ஓட்டின் இடுக்குகளில் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். பூசலாமா?
– வாசகர் ஒருவர், தேவிபட்டினம்

பதில்: பூச வேண்டாம் ஐயா. உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் என் சொந்த வீட்டின் பின்கட்டில் நேர்ந்தது. நிறமும் நீளமும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று இரண்டு ஆலைகளின் ஓட்டைக் கலந்து வேய்ந்தேன். முதல் மழையிலேயே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வர வேண்டியதாயிற்று. சீமை ஓடு, நாட்டு ஓடு போல ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே கவிழ்வதன்று. ஒன்றின் காடிக்குள், அதாவது ஓரத்துப் பள்ளத்துக்குள், அடுத்ததன் விளிம்பு இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆலையின் அச்சும் சிறிது வேறுபடுவதால், ஓர் ஆலையின் காடியில் மற்றோர் ஆலையின் விளிம்பு அரை விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளி வழியாகக் காற்று, மழைச்சாரலை மேல்நோக்கித் தள்ளி உள்ளே விடுகிறது.

இடுக்கில் சிமெண்ட் பூசினால் முதல் ஆண்டு ஒழுக்கு நிற்கும். ஆனால் வெயிலில் ஓடு விரிந்து சுருங்கும்போது சிமெண்ட் விட்டுக்கொள்ளும். அந்த வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி ஓட்டிலும் ரீப்பரிலும் ஊறும். உடைந்த ஓர் ஓட்டை மாற்ற நினைத்தால், சிமெண்ட் பிடித்த நான்கு ஓடுகள் சேர்ந்து உடையும். முகட்டு ஓட்டுக்கு மட்டுமே சாந்து வைக்க வேண்டும்; அதையும் சுண்ணாம்பு கலந்த சாந்தாக வைப்பது நல்லது.

செய்ய வேண்டியது, கூரையைப் பிரித்து ஓடுகளை முத்திரை வாரியாகத் தரையில் இனம் பிரிப்பதுதான். ஓர் இனத்தை ஒரு சரிவுக்கும் மற்றோர் இனத்தை எதிர்ச் சரிவுக்கும் வையுங்கள். இரண்டும் முகட்டில் மட்டுமே சந்திக்கும். அங்கே முகட்டு ஓடு மூடிவிடும். ஏற்றுவதற்கு முன், ஒவ்வோர் இனத்திலும் பத்து ஓடுகளை இரண்டு வரிசையாகத் தரையில் பூட்டிப் பார்த்து, எந்த இடைவெளியில் ஆட்டமின்றி உட்காருகின்றன என்று அளந்து, அந்த அளவுக்கே ரீப்பர் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு சரிவுக்கும் ரீப்பர் இடைவெளி வேறாக அமையலாம்; அதில் தவறில்லை. உங்கள் ஊர் வாடைக்காற்றை நேரே வாங்கும் ஊர். ஆகவே, இறவாணத்து (கூரையின் கீழ் விளிம்பு) வரிசைகளையும் ஓர வரிசைகளையும் ஓடுக்கு ஓடு ரீப்பரோடு கம்பியால் கட்டிவிடுங்கள். பல சீமை ஓடுகளின் அடிப்புறத்தில் கம்பி கோப்பதற்கென்றே துளையுள்ள சிறு புடைப்பு இருக்கும். கட்டுவது செப்புக் கம்பியாகவோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாகவோ இருக்கட்டும். சாதாரணக் கட்டுக்கம்பி உப்புக் காற்றில் விரைவில் இற்றுப்போகும்.

கேள்வி: தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம். சகோதரர்கள் இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இடிக்கும் கூலிக்குப் பதிலாக ஓடு, மரம் எல்லாவற்றையும் தாமே எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். இது நியாயமான ஏற்பாடுதானா?
– வாசகர் ஒருவர், தொண்டி

பதில்: மொத்தமாகப் பேசும்போது பழம்பொருளின் மதிப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இடிப்புக் கூலி எவ்வளவு, ஓடு எத்தனை, மரம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். முழு ஓடு, முகட்டு ஓடு, கண்ணாடி ஓடு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ண வேண்டும். முகட்டு ஓடு பழையதில் கிடைப்பது அரிது. அதைச் சாதாரண ஓட்டோடு சேர்த்து எண்ண விடாதீர்கள். வைரம் பாய்ந்த பனங்கைகளையும் (கூரை தாங்கும் பனைமரச் சட்டங்கள்), கதவு நிலைகளையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒருமுறை விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். உடைந்த ஓடுங்கூடக் குப்பையன்று. இடித்துச் சலித்த செம்பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சாந்தாக்குவது நம் பழைய கொத்தனார்களின் வழக்கம்.

ஓட்டைப் பிரிப்பவர் இடிப்பவராக இருக்கக் கூடாது. கூரை வேய்ந்து பழகிய ஆளைத் தனிக் கூலிக்கு வைத்து, முகட்டிலிருந்து கீழ்நோக்கி, வரிசை வரிசையாகக் கைமாற்றி இறக்கச் சொல்லுங்கள். மேலிருந்து மணல்மேட்டில் எறிந்தால் உடையாது என்பார்கள். உடையாது, ஆனால் கீறல் விடும், அந்த ஓடு வாங்குபவர் வீட்டில் ஒழுகும். இறக்கிய ஓட்டை மணல் பரப்பி, படுக்க வைக்காமல் செங்குத்தாகச் சற்றுச் சாய்த்து அடுக்குங்கள். வண்டியில் ஏற்றும்போது வரிசைகளுக்கிடையே வைக்கோல் வைக்க வேண்டும்.

இன்னொன்று. சகோதரர்கள் இருவரிடமும், வீட்டுப் பொருளை விற்கச் சம்மதம் என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் நகலோடு, எண்ணிக்கை குறித்த விற்பனைச் சீட்டை வாங்குபவருக்குக் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகள் மிகுந்த கடற்கரை இது. எந்த வீட்டு ஓடு என்று சீட்டில் எழுதியிருந்தால், உங்களுக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் மன நிம்மதி.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஓட்டுக்குப் பதில் அவற்றைப் போடலாமா?
– வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் படிந்து புற்றுநோய் உண்டாக்குவது. பழைய தகட்டைக் கழற்றும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதுமே அந்த நார் மிகுதியாகப் பறக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் மகன் பிரிட்டனில் வேலை செய்கிறான். அங்கே இடித்த வீடுகளின் கற்பலகைக் கூரையைப் பிரித்து மறுபடி விற்கிறார்களாம். நூறாண்டுப் பலகை எப்படி மறுபடி உதவும்? நம் ஊருக்கு அது பொருந்துமா?
– வாசகி ஒருவர், இராமநாதபுரம்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை அம்மா. சிலேட்டுக் கல்லை மெல்லிய பலகைகளாகப் பிளந்து கூரை வேய்வது அங்கே நெடுநாள் வழக்கம். வட வேல்ஸ் பகுதியின் சிலேட்டுச் சுரங்க நிலப்பரப்பை 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நல்ல சிலேட்டு தண்ணீரை ஏறக்குறையக் குடிப்பதே இல்லை. அக்கூரைகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது கல்லன்று, கல்லைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணி. ஆணி துருப்பிடித்து இற்றவுடன் பலகைகள் சரிந்து விழுகின்றன. ஆகவே பிரித்து, செப்பு ஆணி போட்டு, இன்னொரு தலைமுறைக்கு வேய்கிறார்கள். வாங்குபவர் அங்கேயும் தட்டித்தான் பார்க்கிறார்; நல்ல பலகை கணீரென்கிறது. பலகையைப் பாதியளவு நீரில் நிறுத்தி வைத்து, ஈரம் கோட்டுக்கு மேலே ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பகுதியில் சிலேட்டுக் கூரை வழக்கில் இருக்கிறது. ஆந்திரத்து மார்க்காபூர் சிலேட்டில் நாம் சிறுவயதில் அ, ஆ எழுதிப் பழகினோம். ஆயினும் கப்பலில் வரவழைத்து இங்கே வேய்வதை நான் சொல்ல மாட்டேன். செலவு ஒருபுறம் இருக்க, அதை வேயத் தெரிந்த கை இங்கே இல்லை. பின்னாளில் ஒரு பலகை விழுந்தால் மாற்றுவதற்கு யாரைத் தேடுவீர்கள்? சீமை ஓடு என்றால், உங்கள் தெருவிலேயே கூரையேறத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். வீட்டில் பழைய ஓட்டுக் கூரை இருந்தால், அதன் ரீப்பர் ஆணிகளை இந்தக் கோடையிலேயே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆணித்தலை துருவேறி உப்பியிருந்தால், ஓடுகளை வரிசையாக இறக்கிவைத்து, ஆணியை மட்டும் மாற்றிவிட்டு, அதே ஓட்டை அதே இடத்தில் திரும்ப வேய்ந்துகொள்ளலாம்.