ஷூபர்ட்டைச் சிம்பொனியில் தொடங்க வேண்டாம்

"பீத்தோவனும் மொசார்ட்டும் ஓரளவு கேட்டாயிற்று, அடுத்து ஷூபர்ட்டின் வாழ்க்கையையும் இசையையும் சேர்த்துப் படிக்க ஆசை, எந்தச் சிம்பொனியில் தொடங்கலாம்?" என்பது கேள்வி. சிம்பொனியை, அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான பெரிய படைப்பை, இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், பாட்டில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். ஷூபர்ட் 1797 ஜனவரியில் வியன்னாவில் பிறந்து 1828 நவம்பரில் அதே ஊரில் 31 வயதில் இறந்துபோனவர், அதற்குள் 600-க்கும் மேல் பாடல்கள் எழுதிவிட்டார். ஒரு பாடகர், ஒரு பியானோ, ஒரு ஜெர்மன் கவிதை, பெரும்பாலும் அவ்வளவுதான் இந்த 'லீட்' வடிவம். ஆனால் அவருடைய பெரிய படைப்புகளில் பல இந்தச் சின்னப் பாடல்களிலிருந்து முளைத்தவை.

முதலில் 'ராட்டையருகே கிரெட்சன்' கேளுங்கள். 1814 அக்டோபர் 19 அன்று எழுதியது, வயது 17, அப்பா நடத்திய பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் கவிஞர் கதேயின் ஃபாஸ்ட் நாடகத்தில் வரும் காட்சி, காதலனை நினைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நூல் நூற்கிறாள். பியானோவின் வலது கை விடாமல் சுழல்கிறது, அது சக்கரம். இடது கையில் மிதிகட்டையின் தட்டல். அவன் நடை, அவன் சிரிப்பு, அவன் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போய் "அவன் முத்தம்" என்ற இடத்துக்கு வரும்போது சக்கரம் நின்றுவிடும், அப்புறம் தயங்கித் தயங்கி மறுபடி சுழலத் தொடங்கும். கவிதையில் சக்கரம் நிற்பதாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அந்தப் பெண் கையில் இருந்த வேலையை மறந்துவிட்டாள் என்பதைப் பியானோ மட்டும் சொல்கிறது. இதைச் செய்தது 17 வயதுப் பையன் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அடுத்த வருடமே 'ஏர்ல்கோனிக்', இதுவும் கதேயின் கவிதைதான். ராத்திரியில் காய்ச்சல்காரப் பிள்ளையை அணைத்துக்கொண்டு குதிரையில் விரையும் தகப்பன், பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் தெரியும் பூதராஜன். கதைசொல்லி, தகப்பன், மகன், பூதம் என்று நாலு பேரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்தும் இடங்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், முறைக்கு முறை குரல் மேலே ஏறும். பூதமோ இனிமையான மேஜரில் (பொதுவாகப் பிரகாசமாக ஒலிக்கும் ஸ்வர அமைப்பு, சோகமாக ஒலிப்பது மைனர்) கொஞ்சிக்கொண்டிருக்கும், அதுதான் பயங்கரம். இந்தப் பாடல்களையெல்லாம் நண்பர் ஷ்பௌன் 1816-இல் கதேக்கு அனுப்பி வைத்தார், ஒரு வரி பதில் இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சரி, இங்கிருந்து வாத்திய இசைக்குப் போகலாம். 1817-இல் எழுதிய 'டிரவுட்' மீன் பாட்டு 1819-இல் பியானோ குவின்டெட்டின் (ஐந்து வாத்தியங்களுக்கான படைப்பு) நாலாம் பகுதி ஆகிறது. 1816-இன் 'வாண்டரர்' பாட்டு 1822-இல் பியானோ ஃபேன்டஸி (கட்டற்ற வடிவப் பியானோ படைப்பு) ஆகிறது. 'மரணமும் கன்னியும்' 1817-இல் ஒரு சிறிய பாடல், 1824-இல் டி மைனர் ஸ்ட்ரிங் குவார்டெட்டின் (நாலு தந்தி வாத்தியங்களுக்கான படைப்பு) இரண்டாம் பகுதி முழுக்க அதிலிருந்து விரிகிறது. பாட்டைக் கேட்காமல் நேராகக் குவார்டெட்டுக்குப் போனாலும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மெதுவான தாளம் மரணம் பேசும் இடத்துக்கு உரியது என்று தெரிந்து கேட்கும்போது ஒவ்வொரு மாற்றமும் வேறு மாதிரி தைக்கும்.

வாழ்க்கையைப் படிக்கும்போதும் இந்த 1822 முதல் 1824 வரை உள்ள காலத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். 1822 கடைசியில் அவருக்குச் சிஃபிலிஸ் வருகிறது, அன்றைக்கு அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. 1824 மார்ச் 31 அன்று ரோமில் இருந்த ஓவிய நண்பர் குபெல்வீசருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், உலகத்திலேயே மிகவும் துன்பப்பட்டவனாகத் தன்னை உணர்வதாகச் சொல்லிவிட்டு, "என் அமைதி போயிற்று, என் நெஞ்சு கனக்கிறது" என்ற வரியை இப்போது தினமும் பாடலாம் என்கிறார். அது யாருடைய வரி? ராட்டையருகே இருந்த கிரெட்சனுடையது. அதே கடிதத்தில், குவார்டெட்டுகளும் எட்டு வாத்தியங்களுக்கான ஒரு ஆக்டெட்டும் எழுதியதாகவும் இந்த வழியாகப் பெரிய சிம்பொனிக்குப் போகப் போவதாகவும் சொல்கிறார். பெரிய சி மேஜர் சிம்பொனியை 1825-இல் தொடங்கினார். அவரே பாட்டு, குவார்டெட், சிம்பொனி என்று நடந்துபோன பாதை இருக்கிறது, நாமும் அப்படியே போகலாம்.

யாரும் கண்டுகொள்ளாமல் பசியில் செத்த மேதை என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை அப்படியே நம்பாதீர்கள். 1821 முதல் அவர் பாடல்கள் அச்சில் வந்தன, ஆப்பரா பாடகர் ஃபோகல் அவற்றை வியன்னாவில் பாடிப் பரப்பினார். தெரியாமல் கிடந்தவை பெரிய படைப்புகள்தான். சி மேஜர் சிம்பொனியின் பிரதியை அண்ணன் ஃபெர்டினாண்ட் வீட்டில் இசையமைப்பாளர் ஷூமன் பார்த்து, இன்னொரு இசையமைப்பாளர் மெண்டல்சன் 1839-இல் லைப்சிக்கில் நடத்தினார். 'அன்ஃபினிஷ்டு' என்ற முடிவுறாத சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது 1865-இல்.

அப்புறம் வேலைக்கு உதவும் ஒரு விஷயம், படைப்புகளுக்குப் போட்டிருக்கும் ஓபஸ் எண்ணை நம்பி வரிசை பிடிக்காதீர்கள், அது அச்சான வரிசை. எழுதிய காலப்படி வேண்டுமென்றால் ஓட்டோ எரிக் டாய்ச் 1951-இல் வெளியிட்ட பட்டியலின் 'டி' எண்ணைப் பாருங்கள். அவர் ஷூபர்ட் காலத்துக் கடிதங்கள், ஆவணங்களைத் தனியாகவும் நண்பர்களின் நினைவுகளைத் தனியாகவும் தொகுத்திருக்கிறார், ஆங்கிலத்திலும் உண்டு. நினைவுகளில் பல, ஷூபர்ட் இறந்து முப்பது வருடம் கழித்து எழுதியவை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். 'குளிர்காலப் பயணம்' பாடல் தொகுப்பை 1827-இல் நண்பர்களுக்குப் பாடிக்காட்டியபோது அவர்கள் திகைத்துப்போனார்கள், ஒருவர் 'லிண்டன் மரம்' பாட்டு மட்டும்தான் பிடித்தது என்றார், ஷூபர்ட்டோ மற்ற எல்லாப் பாட்டையும் விட இவைதான் எனக்குப் பிடிக்கும் என்றார் என்று ஷ்பௌன் எழுதியதும் அப்படிப்பட்ட பிற்கால நினைவுதான்.

அந்த 24 பாடல்களையும் ஒரே அமர்வில் கேளுங்கள். முதல் பாட்டு 'குட்டே நாக்ட்' மைனரில் நடந்து கடைசிச் சரணத்தில் மேஜருக்கு மாறும், கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொன்னால் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரம் ஆகிறது. இன்னொருவர் இசையில் இது வெளிச்சமாக இருக்கும், ஷூபர்ட்டிடம் மேஜர்தான் இன்னும் அதிகமாக வலிக்கும். இதைக் காது பிடித்துக்கொண்டால் 1828-இல் எழுதிய பி ஃபிளாட் பியானோ சொனாட்டாவும் இரண்டு செல்லோ வரும் சி மேஜர் குவின்டெட்டும் தானாகத் திறக்கும்.

ஜெர்மன் தெரியாவிட்டால் பாதகமில்லை, மொழிபெயர்ப்பை ஒரு முறை நிதானமாக வாசித்துவிட்டு மூலவரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஃபிஷர்-டீஸ்காவ் பாட ஜெரால்ட் மூர் பியானோ வாசித்த பதிவுகளில் தொடங்கலாம். இசைக்குறிப்புகள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம். ஆப்பராக்களைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்; நிறைய உழைத்திருக்கிறார், ஆனால் என்னைக் கேட்டால் ஒரு மூன்று நிமிடப் பாட்டில் அவர் எழுப்பும் நாடகம் அவற்றில் இல்லை.