சோளகத்துக்கும் (தென்மேற்குக் காற்று) வாடைக்கும் (வடகிழக்குக் காற்று) இடம் மாறும் கப்பல்கள்: கேள்வி பதில்

காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் வரத் தொடங்கியதிலிருந்து, இக்கப்பல்கள் ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தென்பட்டுப் பின்னர் காணாமற்போவது ஏன் என்று வன்னியிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் முகவர் நிறுவனமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பரந்தனில் வசிக்கும் எமது மூத்த உறுப்பினர் அக்கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, பருவக்காற்றுகளைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் கேட்டார்கள். ஒரே கப்பல் கோடையில் மத்தியதரைக் கடலிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடுவதற்குக் காலநிலை மட்டும்தான் காரணமா?

ரீச்சர், காலநிலை பாதிக் காரணம். மறுபாதியைப் பயணியின் வீட்டு வாசலில் தேட வேண்டும். கரீபியன் தீவுகளில் ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் நியூயோர்க்கிலும் ரொறொன்ரோவிலும் ஜனவரியில் பனி கொட்டுகிறது, அங்குள்ளவர் வெயிலுக்குக் காசு கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார். அதே மனிதருக்கு ஜூலையில் வெயில் வீட்டு முற்றத்திலேயே கிடைத்துவிடும். அப்போது அவரை அலாஸ்காவின் பனிப்பாறையோ கிரேக்கத் தீவோதான் இழுக்கும். ஐரோப்பாவில் பாடசாலை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிறது. மத்தியதரைக் கடலில் மழையற்ற வறண்ட காலமும் அதுவே. குளிர்காலத்தில் அங்கே மழை, புயற்காற்று, குறுகிய பகற்பொழுது என்று எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன.

கரையில் கட்டிய ஹோட்டல் பருவம் முடிந்ததும் பாதி அறைகளைப் பூட்டி வைக்கலாம். நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய பெருங்கப்பலை அப்படிப் பூட்டி வைத்தால் கடன் வட்டியே அதை விழுங்கிவிடும், அதனால் ஆள் இருக்கும் பக்கத்துக்கு அதை ஓட்டிச் செல்கிறார்கள். இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த ‘ஐக்கன் ஒஃப் த சீஸ்’ போன்ற மிகப் பெரிய கப்பல் ஆண்டு முழுவதும் மியாமியிலிருந்தே ஓடுகிறது. அத்தனை பெரிய உடம்பை ஏற்கும் இறங்குதுறைகளும், நிறுவனத்தின் சொந்தத் தீவும் அருகிலேயே இருக்கும்போது, அதை வேறு கடலுக்குக் கொண்டுபோவதால் மிச்சம் குறைவு.

வவுனியாவிலிருந்து ஓர் உயர்தர மாணவி: ஐயா, ஜூன் முதல் நவம்பர் வரை அத்திலாந்திக்கில் சூறாவளிக் காலம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அம்மாதங்களில் கரீபியன் சேவையை நிறுத்திவிடுவார்களா?

நிறுத்துவதில்லை, பிள்ளை. கப்பல்களின் எண்ணிக்கை குறைகிறது, கட்டணமும் குறைகிறது, ஆனால் சேவை தொடர்கிறது. சூறாவளி உச்சமடைவது ஓகஸ்ட் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை. அதிலும் செப்டெம்பர் நடுப்பகுதியைச் சுற்றித்தான் மிகுதி. வெப்பவலயத்தில் ஒரு சூறாவளியின் மையம் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 15 கடல்மைல் வேகத்தில் நகர்கிறது. கப்பல் 20 கடல்மைலுக்கு மேல் ஓடக்கூடியது. முன்னெச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே கிடைப்பதால், கிழக்குக் கரீபியனுக்குப் போகவேண்டிய கப்பல் மேற்கே மெக்சிக்கோ பக்கம் திரும்பிவிடும். பயணச்சீட்டின் நிபந்தனைகளில் தரிப்பிடங்களை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு எழுதப்பட்டிருக்கும். பயணிகளில் அனேகர் அதை வாசிப்பதில்லை, பிறகு சண்டை பிடிப்பார்கள்.

கப்பல் தப்பிவிடும், துறைமுகம் தப்பாது என்பதையும் கவனிக்க வேண்டும். 2019 செப்டெம்பர் தொடக்கத்தில் டோரியன் சூறாவளி பஹாமாசின் வட தீவுகளைச் சிதைத்தது. அரூபா, பொனேர், குரசாவோ ஆகிய மூன்று தீவுகளும் சூறாவளிகள் வழமையாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால், இக்காலத்தில் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

துணுக்காயிலிருந்து ஒருவர்: அந்தாட்டிக்காவுக்கு எந்த மாதத்தில் போகிறார்கள்?

நவம்பர் முதல் மார்ச் வரை. பெரும்பாலும் ஆர்ஜென்ரீனாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து. 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே எவரையும் கரையிறக்க முடியாது; சிறிய கப்பல்களும் ஓரிடத்தில் ஒரே வேளையில் 100 பேருக்கு மேல் இறக்கக்கூடாது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்: அண்ணை, கனடாவில் இருக்கும் மைத்துனர் ஏப்ரலில் புளோரிடாவிலிருந்து பார்சலோனாவுக்குக் கப்பலில் போனார். இரண்டு வாரமளவு நீண்ட பயணமாம், நாட்கணக்கில் பார்த்தால் கட்டணம் மிக மலிவாம். இதில் என்ன சூட்சுமம்?

சூட்சுமம் ஒன்றுமில்லை. கரீபியனில் பருவம் முடிந்து, மத்தியதரைக் கடலில் பருவம் தொடங்குமுன் கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்தே ஆக வேண்டும். வெறுங்கப்பலாக ஓட்டினாலும் எரிபொருள் எரியும், பணியாளருக்குச் சம்பளம் ஓடும். ஆகவே கிடைக்கிற விலைக்கு அறைகளை விற்கிறார்கள். பயணிக்கு இதிலுள்ள குறை, ஒரு கிழமையளவு கரையே தெரியாத கடல், அத்துடன் திரும்பி வருவதற்குத் தனியாக விமானச் சீட்டு. வேலைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது. ஓய்வூதியக்காரருக்கு நன்றாக ஒத்துவரும். ஒக்டோபர், நவம்பரில் எதிர்த்திசையில் இதே பயணம் நடக்கும். அப்போது கனேரித் தீவுகளைத் தொட்டுத் தெற்குப் பாதையால் போவதுண்டு, அங்கே வியாபாரக் காற்று பின்னாலிருந்து வீசும். பழுதுபார்ப்புக்காகக் கப்பலை உலர்துறையில் ஏற்றுவதும் பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான்.

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான இத்தகைய மாற்றங்கள் குழம்பிப்போயின. சுயெஸ் வழியாக இந்து சமுத்திரத்துக்குள் நுழையவேண்டியிருந்த கப்பல்களிற் சில ஆபிரிக்காவைச் சுற்றின, சில வரவேயில்லை. பருவத்தை எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் வழி அடைபட்டால் அக்கணக்கு உதவாது.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்ரோரியாவில் மாலையில் சில மணிநேரம் மட்டும் நின்றுவிட்டுப் போவதாக அறிந்தேன். இருட்டும் வேளையில் அங்கே என்ன பார்க்க முடியும்?

பார்ப்பதற்காக நிற்கவில்லை. 1886 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமொன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. பெருங்கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, மோல்ட்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. எனவே விக்ரோரியா ஒரு சட்டத் தரிப்பு. வன்கூவரிலிருந்து புறப்படும் கப்பலுக்கு இந்தச் சிக்கல் எழாது.

அலாஸ்காவில் பருவம் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை செல்லும். அங்கே காலநிலையோடு இடக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது: ‘கிளேசியர் பே’ தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளில் இரண்டு பெருங்கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி, ஜூனோ நகரம் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்கள் என்று வரையறுத்திருக்கிறது. வெனிஸ் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரின் முன்னாலுள்ள ஜூடெக்கா கால்வாய்க்குள் விடுவதில்லை. ஊருக்கு மிஞ்சிய கூட்டம் என்பதும் இப்போது பயணத்திட்டத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று.

முல்லைத்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: ஐயா, சோளகம் பெயர்ந்ததும் மேற்குக் கரைத் தொழிலாளர்கள் கொக்கிளாய், நாயாற்றுப் பக்கம் வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிறார்கள், வாடைக்கு முன்னர் திரும்பிவிடுகிறார்கள். காங்கேசன்துறைக்குக் கப்பல் ஜூனில் வந்ததும் இதே கணக்குத்தானா? முல்லைத்தீவுக்கும் ஒரு கப்பல் வருமா?

உங்களுக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை, இதே கணக்குத்தான். மும்பையிலிருந்து ஓடும் ‘எம்பிரஸ்’ என்ற கப்பலுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை அரபிக் கடல் உகந்ததல்ல. தென்மேற்குப் பருவக்காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. அதே மாதங்களில் நிலத்தின் மறைவில் கிழக்குப் பக்கக் கடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். அதனால் 2023 ஜூனில் அக்கப்பலைச் சென்னைக்கு மாற்றி, அங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒரு சுற்று அமைத்தார்கள். மூன்றும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்ததும் வசதியாயிற்று. வாடைக் காலத்தில் இச்சுற்று சரிவராது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதை நீங்கள் அனுபவித்தே அறிவீர்கள். கொழும்பின் நிலை நேர்மாறானது. ஐரோப்பியப் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் அங்கே அதிகமாக வரும்.

முல்லைத்தீவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அங்கே அலைதாங்கியுடன் கூடிய துறைமுகம் இல்லை. கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் ஆட்களை இறக்க வேண்டும். அந்த இறக்கத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவைத் திறந்து சிறிய மேடையொன்றை விரிப்பார்கள். படகு அதன் அருகே எழும்பித் தாழும். இரு பக்கமும் நிற்கும் மாலுமிகள் பயணியின் முன்னங்கையை இறுகப் பிடித்து, படகு மேடைக்குச் சமனாக வரும் கணத்தில் “இப்போது” என்று சொல்லி அடியெடுத்து வைக்கச் செய்வார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், ஊன்றுகோலுடன் வருகிறவர்கள் என்று பலர் வரிசையில் நிற்பார்கள். எழுச்சியும் தாழ்ச்சியும் ஒரு மீற்றரை நெருங்கினால் கப்டன் அன்றைய கரையிறக்கத்தை இரத்துச் செய்துவிடுவார். கரையில் காத்திருக்கும் பஸ்களும் சமைத்து வைத்த மதிய உணவும் வீண். உங்கள் கரையில் சோளகக் காலத்தில்கூட, திறந்த கடற்கரையில் இதை நம்பி எந்த நிறுவனமும் ஆண்டுத் திட்டம் போடாது. வன்னிக்குப் பயணிகள் வரவேண்டுமானால் திருகோணமலையிலோ காங்கேசன்துறையிலோ இறங்கித் தரை வழியாக வருவதே நடைமுறைக்கு ஏற்றது.

மன்னாரிலிருந்து ஒருவர்: கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு மன்னார் வழியாக வந்தால் தூரம் குறையுமே?

குறையும், ஆனால் தண்ணீர் போதாது. பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே எட்டு மீற்றர் அளவு ஆழம் வேண்டும். இராமர் அணைத் திட்டுகளில் பல இடங்களில் ஆள் நின்று நடக்கலாம். தீவைத் தெற்கே சுற்றித்தான் வர வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சுற்றுலா வழிகாட்டி: இடத்தின் அழகுக்கு இத்தீர்மானங்களில் இடமே இல்லையா?

உண்டு, ஆனால் வரிசையில் பின்னால். தலைமையகத்தில் இருப்பவர் முதலில் கையில் எடுப்பது கவராயத்தை. மாலை 6 மணிக்குப் புறப்பட்டுக் காலை 7 மணிக்குச் சேர வேண்டுமானால் 13 மணிநேரம்; 18 கடல்மைல் வேகத்தில் 234 கடல்மைல். அந்த வட்டத்துக்குள் விழும் துறைமுகமே அடுத்த நாளுக்குரியது. வேகத்தை 21 ஆகக் கூட்டினால், இயந்திரத்துக்கு வேண்டிய வலு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப்படி உயர்வதால், ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். இரவில் ஓடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது: பெரும்பாலான நாடுகளில் துறைமுகத்தில் நிற்கும்போது தீர்வையற்ற கடைகளையும் சூதாட்டக் கூடத்தையும் திறக்க முடியாது, கப்பலின் வருமானத்தில் அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு. அடுத்து இறங்குதுறையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; பயணச்சீட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வருவதால் இடத்தையும் அவ்வளவு முன்னதாகக் கேட்டு வைக்கிறார்கள். பயணம் தொடங்கும் துறைமுகத்துக்கு அருகில் பெரிய விமான நிலையமும் வேண்டும். இவ்வளவும் பொருந்திய பிறகே அழகு.

பூநகரியிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, ஹோட்டல் பயிற்சி முடித்திருக்கிறேன். கப்பல் வேலைக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது நல்லது?

தம்பி, விண்ணப்பிக்கும் மாதத்தைவிட, கையில் ஆவணங்கள் ஆயத்தமாக இருப்பதே முக்கியம். பருவ மாற்றத்துக்குச் சற்று முன், அதாவது மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் ஆட்சேர்ப்புச் சூடுபிடிப்பதுண்டு, ஆனால் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்றிதழ், சீ.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம் ஆகியவை இல்லாதவரை எவரும் காத்திருந்து எடுக்கமாட்டார்கள். பருவத்தோடு விசாவும் மாறும்: குளிர்காலத்தில் மியாமியில் ஏறுவதானால் அமெரிக்க மாலுமி விசா, கோடையில் பார்சலோனாவில் ஏறுவதானால் ஷெங்கன் விசா. கப்பல் ஏப்ரலில் கடல் மாறுவது தெரிந்திருந்தால் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வேலைக்கென்று பெருந்தொகை கேட்கும் தரகரிடம் போக வேண்டாம்; கப்பற்பணியாளரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் அறவிடுவதைச் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சமவாயம் தடைசெய்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையதாகலாம்; விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது.