கிளிப் போட்ட பல்லுக்கு எந்த மவுத்கார்டு?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் பல் கிளிப் போட்டோம். கூடைப்பந்து விளையாடுகிறாள். போன வாரம் எதிரணிப் பெண்ணின் முழங்கை இடித்து, மேலுதட்டின் உட்புறம் கிழிந்துவிட்டது. கடையில் மவுத்கார்டு (விளையாடும்போது பல்லில் அடிபடாமல் காக்கும் உறை) ஒன்று வாங்கினேன், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் வகை. அதைப் போடலாமா? கிளிப்பைக் கழற்றும் வரை விளையாடவே வேண்டாம் என்கிறார் என் கணவர்.

பதில்: விளையாட்டை நிறுத்தாதீர்கள். கிளிப் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் நீளும். ஆசையாக விளையாடும் பிள்ளையை அத்தனை நாள் உட்கார வைக்கத் தேவையே இல்லை.

ஆனால் நீங்கள் வாங்கிய மவுத்கார்டு அவளுக்கு வேண்டாம். வெந்நீரில் இளகி, கடிக்கும்போது பல்லின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கிளிப் இல்லாத வாய்க்கு அது நல்லது. கிளிப் இருந்தால், இளகிய பிளாஸ்டிக், பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு) சுற்றியும் கம்பிக்கு அடியிலும் புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது பிராக்கெட்டும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். இன்னொன்றும் இருக்கிறது. பல் நகர வேண்டும் என்றுதானே கிளிப் போட்டிருக்கிறோம்? இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும் அச்சு, பல் நகர நகரப் பொருந்தாமல் போகும். வலிந்து மாட்டினால் நகரும் பல்லை அது தடுக்கும்.

கிளிப் போட்டவர்களுக்கென்றே மென்மையான சிலிக்கானில் மவுத்கார்டு வருகிறது. பிராக்கெட் உட்கார அகலமான பள்ளம் இருக்கும், வெந்நீரில் போட வேண்டாம், பல் நகரவும் இடம் விடும். கிளிப் போட்ட மருத்துவரிடமே அளவெடுத்தும் செய்துகொள்ளலாம். பல்லின் மாதிரியில் பிராக்கெட் பகுதியையும் பல் நகரப்போகும் இடத்தையும் மெழுகால் நிரப்பிவிட்டு, அதன்மேல் செய்வார்கள். பொருத்தம் நன்றாக இருக்கும், ஆனால் வரிசை மாறும்போது புதிதாகச் செய்ய நேரும். உங்கள் மகளுக்கு இப்போதுதான் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறது, பல் வரிசை இனிமேல்தான் நிறைய மாறும். அதனால் தற்போதைக்கு சிலிக்கான் வகையே போதும் என்பேன். வழக்கமாக மேல்வரிசைக்கு மட்டும் போடுவார்கள். அவளுக்குக் கீழேயும் கம்பி இருப்பதால் இரண்டு வரிசையையும் மூடும் வகையைக் கேளுங்கள். போட்டுக்கொண்டு தாராளமாக மூச்சுவிட முடிகிறதா என்று முதலில் வீட்டில் பாருங்கள்.

போட்டி அன்று மட்டும் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிக நேரம் விளையாடுவது பயிற்சியில்தான், அங்கேயும் போட வேண்டும். ஆடி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வையுங்கள். கிழிந்தாலோ தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

சரி, போன வார அடிக்கு வருகிறேன். உதடு ஆறியிருக்கும், எனக்குக் கவலை உதட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லைப் பற்றி. இடிபட்ட பல் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், சில வாரம் கழித்துத்தான் நிறம் மங்கும். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டம் கொடுக்கும் பல், பெயர்ந்த பிராக்கெட், வளைந்த கம்பி எல்லாவற்றையும் அவர் பார்ப்பார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார். கம்பி நுனி குத்தினால் அதுவரை கிளிப் மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். நிலைப்பல் எப்போதாவது முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிளிப் இருப்பதால் வைக்க முடியாமல் போகலாம், அப்போது பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் ஊற வைத்தால் வேரின் மேலுள்ள செல்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பல் குழிக்குத் திரும்பினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல் விழாமல் கம்பியில் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். இதையெல்லாம் அவளுடைய பயிற்சியாளரிடமும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.