ஊசி போடப் படிக்கிற பிள்ளைக்கு நிர்வாகப் பாடம் எதற்கு?

கேள்வி: தாதிமை டிப்ளோமா மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டரில் 'நிர்வாகமும் தலைமைத்துவமும்' என்று ஒரு பாடம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அதற்கு வார்டில் பயிற்சி வேறு. சிஸ்டர் (வார்டுத் தலைமைத் தாதி), மேட்ரன் (அவருக்கும் மேல்) ஆகப் போகிறவர்களுக்கு வேண்டியதை எங்களுக்கு ஏன் இப்போதே திணிக்கிறார்கள்? அனுபவத்தில் தானாக வராதா?

பதில்:

தானாக வராதும்மா. எனக்கு வரவில்லை. வராததால் ஒரு மனிதர் ஐ.சி.யு. வரை போய்வந்தார். உன் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

என் மகள் வயதுதான் இருக்கும் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நீ தோட்டப்புறத்துப் பிள்ளை என்றும் நினைக்கிறேன். வாயைத் திறக்காமல் கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்தால் போதும் என்று வளர்ந்தவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் பால் எடுக்கும் வேலை. விடியுமுன்னே பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு மர நிரை பிரித்துக் கொடுப்பார். யாராவது ஒரு நிமிடம் பிந்தினால் அத்தனை பேர் முன்னாலும் கத்துவார். ஒருவர் இன்னொருவருக்கு வேலை சொல்வது என்றால் அதுதான் என்று என் மனதில் பதிந்துவிட்டது. அந்த ஆளைப் போல நான் ஒருநாளும் ஆகக்கூடாது என்று சின்ன வயதிலேயே நினைத்துக்கொண்டேன். (தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூச்சக்காரர்களா என்று சண்டைக்கு வர வேண்டாம். என் வீட்டை, எங்கள் லயத்து வரிசை வீடுகளை வைத்துச் சொல்கிறேன்.)

1999-ல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் போஸ்டிங் வெளி மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவமனை, ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு. ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று எனக்கு இரவு ஷிப்ட், ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு வரை. முப்பது கட்டிலும் நிரம்பியிருந்தன. நானும் ஒரு சீனியரும் ஸ்டாஃப் நர்ஸ். கூட ஒரு அட்டெண்டன், ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. பத்தரை மணிக்குப் பக்கத்து வார்டில் ஆள் பற்றவில்லை என்று சீனியரை அழைத்துக்கொண்டார்கள். போகுமுன் இரண்டு பேரும் அபாயகர மருந்துகளைப் பூட்டி வைக்கும் டி.டி. அலமாரியைத் திறந்து மார்பின், பெத்தடின் குப்பிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டோம். சாவிக் கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யூனிபார்ம் பாக்கெட்டில் அது ஒரு பக்கமாக இழுத்த கனம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். சிஸ்டரும் இல்லை, மேட்ரனும் இல்லை, ஏழு மாத மிஸி (தாதியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்).

ஏழாம் கட்டிலில் அறுபது வயதை ஒட்டிய ஒருவர். குடலில் ஓட்டை விழுந்து அன்று பகலில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. மணிக்கு ஒரு தடவை சிறுநீர் அளக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். உனக்கே தெரியும், கிலோவுக்கு அரை மில்லி கணக்கு. அவர் எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். பதினொரு மணிக்கு அளந்து கொட்டினேன், 25 இருந்தது. அடுத்த மணி நேரம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். நள்ளிரவு ஆண்டிபயாட்டிக் ஒன்பது பேருக்கு. பத்தொன்பதாம் கட்டிலில் டிரிப் ஊசி நழுவிக் கை வீங்கிவிட்டது. இருபத்திரண்டாம் கட்டில் பெரியவர் கம்பியைத் தாண்டி இறங்கப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு எமர்ஜென்சியிலிருந்து குடல்வால் கேஸ் ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் நானே ஓடினேன். போர்வை கேட்டவருக்குப் போர்வை கொடுத்தது நான். அட்மிஷன் பாரம் எழுதியதும், தண்ணீர் ஜாடி நிரப்பியதும்கூட நான்தான். ஏழாம் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் 'இதோ வருகிறேன்' என்று மனம் சொல்லும், கால் வேறு பக்கம் போகும்.

மூன்று இருபதுக்குத்தான் அவரிடம் போனேன். குனிந்து சிறுநீர் சேரும் பையைப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் அளவு, கடுங்காப்பி நிறத்தில். அளந்தேன், 40 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, 120-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நாடி 128, ரத்த அழுத்தம் 80-க்கு 50. டாக்டரைக் கூப்பிட்டு, டிரிப்பை வேகமாக ஓடவிட்டு, விடிவதற்குள் ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

காலையில் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. கேள்விதான் கேட்டார். "ராத்திரி உன்னோடு எத்தனை பேர்?"

"இரண்டு பேர் சிஸ்டர்."

"ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவர்கள் இரண்டு பேரும் என்ன செய்தார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அட்டெண்டன் என் அம்மாவைவிட மூத்த மலாய்க்காரப் பெண்மணி. அந்த வார்டிலேயே இருபது வருடம் இருந்தவர். அவரிடம் போய் "கக் (அக்கா), இதைச் செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் மண்டோர் ஆகிவிடுவேன் என்ற பயம். மாணவியிடம் வேலை சொன்னால் தப்பாகச் செய்துவிடுவாளோ என்று வேறு பயம்.

அந்த மாணவியைத் துணி வைக்கும் அறையில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். ஒரு மணிக்கே ஏழாம் கட்டில் பையைப் பார்த்திருக்கிறாள். குறைவாக இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நீங்கள் இன்சார்ஜ், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் கக். நான் ஸ்டூடன்ட்தானே, என்னை யாரும் கேட்கவில்லை" என்று மலாயில் சொன்னாள். வார்டில் அதைக் கண்ட கண்கள் இருந்திருக்கின்றன. அந்தக் கண்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் தானாக வந்து சொல்லப் பழகியிருக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்று உன் இடத்தில் இருந்தவள், மூன்றாம் ஆண்டு.

இத்தனைக்கும் நிர்வாகப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க். உளவியலாளர் குர்ட் லெவின் 1939-ல் தன் சகாக்களோடு சேர்ந்து பிரித்த தலைமை வகைகள் மூன்றையும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஐம்பது வயது அட்டெண்டனிடம் ஒரு வேலையை எந்தக் குரலில் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாடம் உனக்குச் சலிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவாக இருந்தால், நான் உன் பக்கம்தான். ஆனால் பாடமே வேண்டாம் என்றால் இல்லை.

நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் தாதிமை பற்றி எழுதிய நூலில் சில்லறை நிர்வாகம் என்றே ஒரு அத்தியாயம் உண்டு. பொறுப்பில் இருப்பது என்றால் நீ செய்ய வேண்டியதைச் செய்வது மட்டுமில்லை, நீ அங்கே இல்லாத நேரத்திலும் அது நடக்கும்படி பார்த்துக்கொள்வது என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது.

பாட்டி எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தார். தாய்மார்கள் மரம் வெட்டப் போனதும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள், பாட்டி ஒருத்தி. வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தொட்டில் கயிற்றைக் கையில் கொடுப்பார். என் கையிலும் கொடுத்திருக்கிறார். "இந்தக் கயிறு உன்னுது. சிணுங்கினா ஆட்டு. வீறிட்டு அழுதா என்னைக் கூப்பிடு. நீயா தூக்காதே." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஆனால் கழுத்து மட்டும் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வேலையைப் பகிர்ந்து கொடுப்பதற்கு அமெரிக்கத் தாதியர் வாரியங்கள் வகுத்த ஐந்து 'சரி'கள் உன் பாடத்தில் வரும். சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியாகச் சொல்வது, சரியாக மேற்பார்ப்பது. மருந்து கொடுக்கும்போது சொல்கிறோமே ஐந்து சரி, அதைப் போலத்தான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஐந்தும் அவர் சொன்ன நான்கு வார்த்தையில் இருக்கின்றன. யாரையும் கத்தவும் இல்லை. வேலை சொல்வதற்கு என் வீட்டிலேயே இன்னொரு மாதிரி இருந்தது, நான் மண்டோரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது நான் ஒரு வார்டு சிஸ்டர். மேட்ரன் ஆனதில்லை, முதுகலைப் பட்டமும் இல்லை, எனவே கல்வியாளர்கள் யாராவது இதைப் படித்து முகம் சுளித்தால் என்னிடம் பதில் கிடையாது. நிர்வாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆறு கட்டில் கொண்ட ஒரு கியூபிக்கலைக் கொடுத்துவிடுவேன். அந்த ஷிப்டுக்கு அவள் இன்சார்ஜ். முதல் ஒரு மணி நேரம் கையால் எந்த வேலையும் செய்யக்கூடாது, பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், யார் எதைச் செய்வது என்று சொல்ல வேண்டும். நானோ ஒரு சீனியரோ இரண்டடி பின்னால் நிற்போம். பிள்ளைகளுக்கு இது ஊசி போடுவதைவிடக் கஷ்டம். கை பரபரக்கும். அட்டெண்டன் கக் எதிரே வந்தால் பேச்சு வராது. "கக், ஒரு உதவி செய்கிறீர்களா, மூன்றாம் கட்டில் பையை அளந்து எனக்குச் சொல்லுங்கள், 30-க்குக் கீழே இருந்தால் உடனே கூப்பிடுங்கள்" என்று ஒரு வாக்கியம் முழுதாக வர சிலருக்கு நான்கு நாள் ஆகும்.

டாக்டரைக் கூப்பிடவும் பழக்குவேன். இப்போதைய நிலை, முன்கதை, என் கணிப்பு, எனக்கு வேண்டியது என்று நான்கு படியாகச் சொல்லும் முறை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது அது. நான்காவது படியில்தான் எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். "டாக்டர், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று ஒரு டாக்டரிடம் சொல்ல அவர்களுக்கு யாரோ அனுமதி தர வேண்டியிருக்கிறது.

பிறகு வெற்று ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) தாள் ஒன்றைக் கொடுத்துப் பென்சிலால் நிரப்பச் சொல்வேன். ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி, ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட ஓட்டம் இருக்கிறது, ஒருத்தி சரவாக்கிலிருந்து வந்தவள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வேண்டும். ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) நாங்கள் நிற்போம், தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நிற்பார்கள், இது எங்கள் வார்டுகளில் எழுதாத சட்டம். போன வருடம் ஒரு பிள்ளை, யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று கஷ்டமான இரவு ஷிப்ட் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன்.

எல்லா வார்டிலும் இப்படி நடக்காது, எனக்குத் தெரியும். பல இடங்களில் நிர்வாகப் பயிற்சி என்று வருகிற பிள்ளை லேபுக்கு ரத்தக் குழாய் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், பார்மசியில் வரிசையில் நிற்கிறாள், போட்டோஸ்டாட் எடுக்கிறாள். வார்டுகளைக் குறை சொல்லவில்லை. ஆள் இல்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய 58 லட்சம் தாதியர் குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. ஆள் இல்லாத வார்டில்தான் ஏழு மாத மிஸி கைக்குச் சாவி வருகிறது. அதனால்தான் இதை முன்கூட்டியே படிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நம் ஆட்கள் வார்டுக்கு வந்தால் முதலில் தேடுவது தமிழ் மிஸியை. நோயாளியைப் பற்றிக் கேட்க என்றால் மனம் நிறையப் பேசுவேன். பார்வை நேரம் முடிந்த பிறகு பத்துப் பேராக உள்ளே வர, "நம்ம பிள்ளைதானே, விட்டுடும்" என்பார்கள். முடியாது என்றால் அன்றிரவே தோட்டம் முழுக்க, கோயில் வரைக்கும் சேதி போகும், "பெரிய உத்தியோகம் வந்ததும் தலைக்கனம்" என்று. என் அம்மாவிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்டில் முப்பது பேர் தூங்க வேண்டும், அதில் உங்கள் அப்பாவும் ஒருவர் என்று இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை. உனக்கும் இது நடக்கும். அழாதே.

அடுத்த மாதம் பயிற்சி தொடங்கும் என்று எழுதியிருக்கிறாய். முதல் நாள் வார்டு சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், எனக்கு ஒரு கியூபிக்கல் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் என் பின்னால் நில்லுங்கள்" என்று கேள். மறுத்தால் இரண்டு கட்டிலாவது கேள். அந்த இரண்டு கட்டிலில் எந்தப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு மணியும் யாராவது ஒருவரிடம் வாய் திறந்து சொல். கேட்காவிட்டாலும் சொல்.