பாஸ் வாசித்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டி. இங்கிலாந்தில் வேலை. போன மாதம் கடலோர நகரமான பிரைட்டனில், ஜமைக்காவின் ரெகே இசைக்குழுவான ‘தி வெய்லர்ஸ்’ கச்சேரிக்குப் போனேன். பாப் மார்லி பாட்டுகளைக் கேட்டு அழுதேவிட்டேன். திரும்பும்போது நண்பன், “மேடையில் பழைய ஆள் ஒருத்தர்கூட இல்லை, பெயரை வைத்துப் பிழைக்கிறார்கள்” என்றான். நான் ஏமாந்துவிட்டேனா? கஞ்சா இல்லாமல் ரெகேயை உணர முடியாது என்கிறார்களே, உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

கஞ்சா சமாச்சாரத்தை உங்கள் நண்பரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். பாட்டுக் கேட்டு அழ வராதவர்களிடம் நான் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் பாடியவரின் சடை இருக்கிறது, டி-ஷர்ட் விலை இருக்கிறது, போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. அடிக்குரலில் அதிரும் பாஸ் கிட்டாரை வாசித்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. ரெகே கேட்கப் போய் பாஸைக் கேட்காமல் வருவதற்கு டிக்கெட் எதற்கு?

பழைய ஆள் என்றால் யார் ஐயா? 1963ல் பாப் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் என்று பாடகர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. 1974ல் மற்ற இருவரும் போய்விட்டார்கள். நண்பர் கணக்குப்படி அன்றே கடையைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. ஏனென்றால் பாரெட் சகோதரர்கள் இருந்தார்கள். பாஸில் ஆஸ்டன், டிரம்ஸில் கார்ல்டன். நாலு எண்ணும் தாளத்தில் முதல் அடியைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில் போய் விழுவார் கார்ல்டன். அந்த இடைவெளிக்குள் ஆஸ்டனின் பாஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். கார்ல்டன் 1987ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்டன் தனக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டு லண்டனில் வழக்காடி 2006ல் தோற்றார். 2024ல் காலமானார். இப்போது குழுவை நடத்துகிறவர் அவர் மகன். அப்பா இருக்கும்போதே அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இதற்குப் பெயர் பிழைப்பாம்!

உசிலம்பட்டிப் பக்கம் ஊர்ப் பொங்கலுக்கு நோட்டீஸ் அடித்தால் நாயனக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். தவில்காரர் ‘குழுவினர்’ என்பதற்குள் அடங்கிவிடுவார். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஊருக்கு வழக்கமாக வரும் நாயனக்காரர் இறந்துபோய், மறு வருசம் அவர் பையன் வந்தான். மீசைகூட அரும்பவில்லை. சாமி புறப்பட்டுப் பாதித் தெரு தாண்டவில்லை, மூச்சுத் திணறிவிட்டான். தவிலில் அப்பாவோடு வாசித்த அதே பெரியவர். அவர் பையன் பக்கம் திரும்பவே இல்லை. விரல் கூடுகளைத் தொடையில் அழுத்தி இறுக்கிக்கொண்டார். நடையைக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு ஒரு சுற்று முழுக்க அவரே தனியாக வாசித்தார். பையன் சீவாளியை நாக்கில் நனைத்து, எச்சிலை விழுங்கி, திரும்ப எடுத்தான். முக்குத் திரும்பும்போது பெண்கள் குலவை போட்டார்கள்.

திண்ணையில் இருந்த பெருசுகள், “அப்பன் மாதிரி வராதுப்பா” என்றன. எல்லா ஊர்த் திண்ணையிலும் இதைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள், பிரைட்டனிலும்தான். அன்றைக்கு அந்த செட்டு யார் கையில் நின்றது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஏமாந்தேனா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாஸ் வயிற்றில் அதிர்ந்ததா? முதல் அடி காலியாக இருந்ததா? அந்த வீடியோவை நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பாஸ் வராது. வாசித்தவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். சடையைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் பதில் போட மாட்டேன்.